முப்பது மைலில் நடுங்கிய ஜீப்

பெரியகல்லாற்றில் தார் ரோட்டோரம் எனக்கு ஒரு கராஜ் இருந்தது. கராஜ் என்றால் நாலு தென்னங்குற்றி, மேலே ஓலைக் கிடுகு, நடுவில் ஒரு குழி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுதுவது கைவராத வேலை. இதை மட்டும் எழுதி வைக்கிறேன். நான் ஒரு ஆளுக்குச் செய்த பிழை இதில் இருக்கிறது.

ஜீப் ஒரு போடியாரம்மாவுடையது; பெரிய வயல்காரி. உலகச் சண்டைக் காலத்துப் பழசு. அவருக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வீடும் வயலும். புருஷன் போன பிறகு அந்த வயல் வட்டை முழுவதையும் அவரே நடத்தினார். ஜீப்பை ஓட்டியவன் என் வயதுக்காரன். பதினொரு வருஷமாக அந்த வீட்டுச் சாரதி. நெல் மூட்டையும் அவன் கையில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆளும் அவன் கையில்தான். வாய் அதிகம் இல்லாதவன். நானும் அப்படித்தான். அதனால் ஒத்துப்போனோம்.

ஒரு கச்சான் காலம், மேல்காற்று வீசுகிற மாதம். ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மச்சான், முப்பது மைலைத் தாண்டினா ஸ்ரியரிங் நடுங்குது. பிடிக்க ஏலாது."

"முப்பதுக்குக் கீழ?"

"பசுக்கண்டு மாதிரி வருகுது."

ஏறி உட்கார்ந்தேன். களுவாஞ்சிக்குடிப் பக்கம் நேர் ரோட்டில் விட்டான். முப்பதில் ஸ்ரியரிங் இடமும் வலமும் அடிக்கத் தொடங்கியது. என் பல்லும் சேர்ந்து அடித்தது. இருபதுக்கு இறக்கினான். அடங்கியது.

நடுக்கம் என்றால் நான் முதலில் சில்லைத்தான் பார்ப்பேன். வயல் சேறு சில்லின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்துவிடும். ஒரு பக்கம் பாரம் கூடினால் ஓட்டத்தில் சில்லு உதறும். சுரண்டிக் கழுவினேன். முன் ரயரைப் பின்னுக்கு மாற்றினேன். நடுக்கம் போகவில்லை. ஜக் வைத்துத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பெயரிங் சரி. பிறகு ஜீப்பைக் குழிக்கு மேல் விட்டு நான் உள்ளே இறங்கினேன். அவனை ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கச் சொன்னேன். மேலே கை அசைந்தவுடன் கீழே ஒவ்வொன்றாக அசைந்துகொண்டு வர வேண்டும். எது பிந்துகிறதோ அதில்தான் வியாதி.

ரை றொட் பிந்தியது. முன்சில்லு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கம்பி அது. முனையில் இருக்கிற உருண்டை தேய்ந்து லொடலொடத்தது. புது முனை போட்டேன். ஒரு பூவரசந்தடியால் இரண்டு சில்லுக்கும் இடைவெளி அளந்தேன். பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒரு நூலளவு குறைய வேண்டும். அப்படி வைத்துத் தடியில் கத்தியால் வெட்டு அடையாளம் போட்டேன். நாற்பதில் விட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

மூன்று கிழமையில் திரும்பி வந்தான். அதே நடுக்கம். இந்த முறை கம்பியே வளைந்திருந்தது. கண்ணுக்குப் படாத வளைவு. கழற்றிப் பலகையில் உருட்டியபோதுதான் தெரிந்தது.

"வரம்பில ஏத்தினயா?"

"இல்ல."

"மரக்குத்தி கித்தியில?"

"இல்லெண்டுறன்."

நிமிர்த்திப் பூட்டிக் கொடுத்தேன். அடுத்த நாள் மட்டக்களப்புக்குப் போகிற வழியில் போடியாரம்மா கராஜ் வாசலில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

"என்ன பாஸ், ரெண்டு தரம் பிழைச்சுப்போச்சு. ஆர்ர வேலை இது?"

"கம்பி தானா வளையாதம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த சாரதியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டயா? இனி ஒருக்கா நடுங்கிச்செண்டா ஜீப்புத் திறப்பை என்ர கையில தந்திட்டு நீ வீட்டை போ. வயலுக்க உழ எனக்கு உழவு மிசின் கிடக்கு, ஜீப் வேண்டாம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை வந்தான்.

"மறுகாவும் தொடங்கிட்டு."

"அம்மாவுக்கு?"

"இன்னம் தெரியா. அந்தப் பக்கம் மணல் ரோட்டு. முப்பது போக ஏலாதே. வெள்ளிக்கிழமை ரவுனுக்கு வாறா. தெரிஞ்சிரும்."

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கு அது தெரியும்.

"கம்பி தானா வளையாது. சரி. ஆனா நான் வளைக்கயில்ல" என்றான். "நீ என்னோட வந்து பார்."

கோபமாகச் சொன்னால் நான் போயிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னான். கம்பியை நிமிர்த்திப் பூட்டினேன். ரோட்டில் நாற்பதுக்கு விட்டோம். அசைவில்லை. தடியையும் எடுத்துக்கொண்டு அவனோடு துறைக்குப் போனேன்.

வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்தது. மாட்டு வண்டிலும் ஏறும், ஜீப்பும் ஏறும். கச்சான் காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு வாவி நல்லா ஆடும். அன்று இன்னும் கூட ஆடியது. ஜீப்போடு நான் பாதையில் ஏறியது அதுதான் முதல் தரம். அதுவரைக்கும் ஜீப்தான் என்னிடம் வரும்.

பாதைக்காரர் ஒரு கயிற்றோடு வந்தார். முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். பார்க்காமலே உள்ளே கைவிட்டுக் கயிற்றைச் சுற்றினார். பலகையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போட்டார்.

குனிந்து பார்த்தேன்.

"அண்ணே, எதில கட்டுறீங்க?"

"அச்சில. வேற எதில?"

"அது அச்சில்ல."

"ரெண்டு சில்லையும் சேர்த்துப் பிடிக்கிறது அச்சில்லாம என்ன, அரைஞாண் கொடியா?"

பாதையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஆயுள் முழுக்க வண்டில் கட்டியவர். வண்டிலில் இரண்டு சில்லையும் சேர்ப்பது அச்சு ஒன்றுதான். ஜீப்பிலும் இரண்டு சில்லையும் சேர்க்கிற கம்பியைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"எப்ப இருந்து இப்பிடிக் கட்டுறாங்க?" என்று சாரதியிடம் கேட்டேன்.

"இந்தக் கச்சானுக்குத்தான். போன கச்சானில ஒரு வண்டில் சரிஞ்சு வாவிக்க போனதே."

"நீ பார்க்கயில்லையா?"

"கட்டுறதைப் பார்த்தன். எதில கட்டுறாரெண்டு குனிஞ்சு பார்க்கயில்ல."

நானும் இரண்டு தரம் குழிக்குள் கிடந்து அந்தக் கம்பியைப் பார்த்தவன். கயிற்றுத் தும்பு அதில் ஒட்டியிருந்தது. வைக்கோல் என்று துடைத்துவிட்டேன்.

பாதைக்காரர் அவிழ்க்கவா என்று கேட்டார். கிடக்கட்டும் என்றேன். நடு வாவியில் காற்று பக்கவாட்டில் பிடித்தது. பாதை சரிய ஜீப் ஒரு பக்கம் போகப் பார்க்கும். கயிறு பிடித்து இழுக்கும். இழுக்கிற பாரம் எல்லாம் அந்தக் கம்பியில்தான். ஒவ்வொரு அலைக்கும் கயிறு முறுகுகிற சத்தம் கேட்டது. சாரதி ஜீப்பைப் பார்த்தபடி நின்றான். நான் தடியைப் பிடித்தபடி நின்றேன்.

அக்கரையில் இறங்கியதும் மணலில் படுத்துத் தடியை வைத்தேன். முன்பக்க இடைவெளி வெட்டு அடையாளத்தைத் தாண்டிக் கால் அங்குலம் கூடியிருந்தது. ஒரே ஒரு தரம் கடந்ததில். அவனும் படுத்துப் பார்த்தான்.

"சரியா?" என்றான்.

"சரி" என்றேன்.

நேரே போடியாரம்மா வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தடியைக் காட்டினேன். பாதையில் கண்டதைச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழையம்மா. இவன் வளைக்கயில்ல."

அவர் தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ கதைக்கிறதே மாசத்துக்கு நாலு சொல்லு. அதிலயும் ஒண்டு பிழைச்சுப்போச்சா?"

சாரதி சிரித்துவிட்டான். அந்த மாதம் அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்.

"ரெண்டு பேரும் சோறு திண்டுட்டுப் போங்க" என்றார். சோறும் ஓரா மீன் குழம்பும் எருமைத் தயிரும். பெரிய மீன் துண்டு அவன் சோற்றுக் கோப்பையில் விழுந்தது. எனக்கு வால் துண்டு. நியாயம்தான். தின்றேன்.

பிறகு கம்பியைக் கழற்றி, நெல் குத்துகிற உரலில் வைத்து நிமிர்த்திப் பூட்டினேன். அந்த வீட்டில் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற் கொஞ்சம் கிடந்தது. உண்மையான அச்சில், இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குப் பூசினேன்.

திரும்பி வரும்போது பாதைக்காரர் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, ஜீப்புக்குக் கலியாணமா?"

"ஓம் அண்ணே" என்றான் சாரதி. "பச்சையிலதான் தாலி. மாத்திக் கட்டிப்போடாதீங்க."

பச்சையில் கட்டினார். காற்று குறையவில்லை. இக்கரையில் இறங்கித் தடியை வைத்தேன். வெட்டுக்கு வெட்டுச் சரியாக நின்றது.

வெள்ளிக்கிழமை காலை வேலையை விட்டுவிட்டு ரோட்டோரம் வந்து நின்றேன். தெற்கே ஜீப் தெரிந்தது. நாற்பதுக்குக் குறையாது. முன்சீற்றில் போடியாரம்மா. வழக்கமாக அவன் ஹோண் அடிப்பான். அன்று அடிக்கவில்லை. எனக்கு நேரே வந்ததும் ஸ்ரியரிங்கை விட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

போடியாரம்மா அவன் தோளில் ஒரு அடி போட்டது தெரிந்தது. ஜீப் கோடு கிழித்த மாதிரி நேரே போனது.