ரயில்வே கேட்டில் உம்மா போட்ட சத்தம்

போன வருஷம், புரட்டாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம். உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒரு வியாழக்கிழமை மதியம் அங்கே ரயில்வே கேட்டில் நடந்ததை இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் படபடவென்று வருகிறது. நான் கொஞ்சம் வேகமாகப் பேசுகிற ஆள். எழுத்தும் அப்படித்தான் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு முதல் பிரசவம். பெண் குழந்தை, ரோஜாப்பூ நிறத்தில் அப்படி ஒரு அழகு. தங்கை மாப்பிள்ளைக்குச் சவூதியில் வேலை, என் வீட்டுக்காரரும் வளைகுடாதான். அதனால் வீட்டில் உம்மா, நான், தங்கை, குழந்தை மட்டும். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசற்படி தாண்ட மாட்டாள். மருந்துக் குழம்பு, வெந்நீர்க் குளியல், சாம்பிராணிப் புகை, நல்ல ஓய்வு. நாற்பதாம் நாள் குளித்து முடித்தால் வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் தங்கை தூங்கவே இல்லை. குழந்தை தூங்கினாலும் இவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஊட்டினால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். பிள்ளை பெற்ற அசதி என்று உம்மா சொன்னார், நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? தினமும் மாலையில் மாப்பிள்ளை வீடியோ காலில் வருவாரே, அப்போது பார்க்க வேண்டும் அவளை! முகம் கழுவி, பவுடர் போட்டு, முக்காட்டைச் சரிசெய்து, குழந்தையைக் கேமராவுக்குக் காட்டி அப்படிச் சிரிப்பாள். வளைகுடாவில் புருஷன் இருக்கிற வீட்டில் எல்லாரும் செய்வதுதான் இது. அங்கே தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறவருக்கு இங்கிருந்து அழுமூஞ்சியைக் காட்டக் கூடாது. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நாங்களும் நிம்மதியாகிவிடுவோம்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் போய்விட்டது. திரை கறுப்பானதும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே விழுந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, "ராத்தா, புள்ளைய என்கிட்ட தனியா விட்டுட்டுப் போகாத. என்னென்னமோ நெனப்பு வருது. எனக்கே பயமா இருக்கு" என்றாள். அன்று ராத்திரி குழந்தையை என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குழந்தைக்குத் தடுப்பூசி பற்றிச் சொல்ல வந்த கிராம நர்சை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் மொத்தத்தையும் கொட்டினேன். அவர் பதறவில்லை. "இது வர்றதுதான்மா. ஆனா தள்ளிப் போடாத. மனநல டாக்டரம்மா வியாழக்கிழமை மட்டும் நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. நாளைக்குத்தான் வியாழன், காலையிலயே கூட்டிட்டு வந்துரு. அதுவரைக்கும் ரெண்டு பேரையும் தனியா விடாத" என்றார். அடேயப்பா, இதற்கென்று ஒரு டாக்டர், அதுவும் இவ்வளவு பக்கத்தில் வருகிறாரா! எனக்கு ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது.

உம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான், முகம் வெளிறிவிட்டது. "நாப்பது முடியாம வாசப்படி தாண்டுறதா? அதுவும் மெண்டல் டாக்டர்கிட்டயா? நாளைக்கு ஊரு என்ன பேசும்? அந்தப் புள்ள வாழ்க்க என்னத்துக்கு ஆகும்?"

"உம்மா, காய்ச்சல் வந்தா நாப்பது பாப்பீங்களா? தூக்கிட்டு ஓட மாட்டீங்க?" என்று கேட்டேன். உம்மா எழுந்து தங்கை இருந்த அறைக்குப் போனார். ராத்திரி முழுக்கத் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் அலமாரியைத் திறந்து தன் புர்காவை எடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: யாரும் பார்க்கக் கூடாது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஆம்பளைகள் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, தெரு வெறிச்சோடி இருக்கும்போதுதான் ஆட்டோ வாசலுக்கு வர வேண்டும். நர்சம்மா காலையிலேயே வரச் சொன்னார் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

அப்படியே ஒரு பூனைக்கும் தெரியாமல் கிளம்பினோம். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும் நான் குதித்து ஓடினேன். ஓ.பி. காலி. பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "மனசு டாக்டரா? இப்பத்தாம்மா கெளம்புனாங்க. மண்டபம் பக்கம் முகாமாம். வெள்ளை ஜீப்பு. இனி அடுத்த வியாழன்தான்" என்றார்.

அடுத்த வியாழன்! இன்னும் ஒரு வாரம் இவளை எப்படிக் காப்பாற்றி வைத்திருப்பது? திரும்பிப் பார்த்தால் ஆட்டோவுக்குள் தங்கை சுவரைப் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "அண்ணே, ஒரு வெள்ளை ஜீப்பு போச்சாம், விடாதீங்க!" என்று ஆட்டோக்கார அண்ணனிடம் கத்தினேன்.

அந்த மனிதர் எதற்கு, யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "கெட்டியாப் புடிச்சுக்கங்க தங்கச்சி. ரயிலு வார நேரந்தான். கேட்டு போட்டிருந்தா ஜீப்பு அங்கன மாட்டும்" என்றார். பிறகு அவர் ஓட்டினார் பாருங்கள், அது ஆட்டோவா ஏரோப்ளேனா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்! இரண்டு பக்கமும் பனைமரம் பறக்கிறது, காற்று மணலை அள்ளி மூஞ்சியில் அடிக்கிறது, குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி உம்மா ஓதிக்கொண்டே வருகிறார். நடுவில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை மறித்தது. அண்ணன் தலையை வெளியே நீட்டி, "ஏலே, ஆட்ட ஓரமா ஓட்டுலே, அவசரம்!" என்று போட்ட அதட்டலில் மேய்த்தவர் ஆடுகளுக்கு முன்னால் ஓரத்துக்கு ஓடினார்.

வளைவு திரும்பினால், சொன்னபடியே கேட் போட்டிருக்கிறது! வரிசையில் முதலாவதாக வெள்ளை ஜீப். எனக்கு விசிலடிக்க வேண்டும் போல வந்தது. ஆனால் நடுவில் ஐஸ்கட்டி லாரி, மீன் வேன், அதற்குப் பின்னால் எங்கள் ஊர் மினி பஸ். பஸ் நிறைய எங்கள் தெருப் பெண்கள். எங்கள் ஆட்டோ கடைசியில் மாட்டிக்கொண்டது. தூரத்தில் ரயில் ஊதுகிற சத்தம் வேறு. ரயில் போய்விட்டால் கேட் திறக்கும், ஜீப் பறந்துவிடும். தங்கை என் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், அவளை விட்டுவிட்டு என்னால் இறங்க முடியாது.

குழந்தையைச் சட்டென்று என் மடியில் வைத்தார் உம்மா. இறங்கினார். ஓடினார்! சத்தியமாகச் சொல்கிறேன், என் உம்மா ஓடி அதுவரை நான் பார்த்ததே இல்லை. தெருவில் நாலு பேர் நின்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர். செருப்பு ஒன்று கழன்று ரோட்டிலேயே கிடக்கிறது. ரயில் தடதடவென்று வந்துவிட்டது, அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. உம்மா ஜீப்பை நெருங்கவும், கடைசிப் பெட்டி போகவும், கேட் தூக்கவும் சரியாக இருந்தது.

"டாக்டரம்மா! போயிராதீங்க! எம் புள்ளைக்கு மனசு சரியில்லம்மா! எம் புள்ளைக்கு மனசு சரியில்ல!"

ரயில் போன அமைதியில் அந்தக் குரல் மொத்த ரோட்டுக்கும் கேட்டது. மினி பஸ்ஸின் எல்லா ஜன்னலிலும் தலைகள். யாருக்கும் தெரியக் கூடாது என்று நாங்கள் காலை முழுக்கப் பொத்தி வைத்திருந்ததை உம்மாவே உடைத்துப் போட்டுவிட்டார்.

ஜீப் ஓரங்கட்டியது. இறங்கி வந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே எங்கள் ஆட்டோவுக்கு வந்தார். கேட்டோரம் டீக்கடை வைத்திருந்த அக்கா ஒன்றும் கேட்காமல் உள்ளே பெஞ்சை ஒதுக்கிக் கொடுத்தார். டாக்டர் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை நாளா தூக்கம் இல்லம்மா?" என்று கேட்டதுதான் தாமதம். என்னிடம் அன்றைக்குச் சொன்னதற்கு மேல் வாய் திறக்காதவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தைக்குத் தன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று வரும் நினைப்பு, தான் இல்லாமல் போனால் நல்லது என்று வரும் நினைப்பு, எல்லாம். உம்மா புர்காவின் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "நீங்க கெட்ட அம்மா இல்ல. இது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ஒரு நோய். மருந்து இருக்கு, குணமாயிரும்" என்றார். அந்தச் சொல் எங்களுக்கு எப்படி இருந்தது தெரியுமா? மூச்சு முட்டிக்கொண்டிருந்தவளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டது மாதிரி இருந்தது. அங்கேயே போன் போட்டு, மாவட்ட ஆஸ்பத்திரியில் குழந்தையோடு தங்க இடம் சொல்லி, அன்றைக்கே எங்களை அனுப்பிவைத்தார்.

நாங்கள் கிளம்பும்போது மினி பஸ் இன்னும் அங்கேயே நின்றது, உள்ளே இருந்த பெண்கள் அதைக் கிளம்ப விட்டால்தானே! எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் இறங்கி வந்தார். ஊர்ப்பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும் என்று உம்மா பயந்த அதே வீடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் எங்களைத் தாண்டி நேரே டாக்டரிடம் போய், "என் மருமகளும் இப்படித்தாம்மா ஒரு வருஷமா சிரிக்கவே மாட்டேங்குறா. அவளையும் பாப்பீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ கால் போட்டோம். பவுடர் இல்லை, சிரிப்பு இல்லை. மாப்பிள்ளை பார்த்ததும் அழுதுவிட்டார், லீவு வாங்கிக்கொண்டு அந்த மாதமே வந்து சேர்ந்தார். தங்கை தேறச் சில மாதங்கள் ஆயின. மாத்திரையும் பேச்சும் தூக்கமுமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம், காலையிலேயே, எல்லாரும் பார்க்க. இப்போது குழந்தை நடக்கிறாள், தங்கை அவள் பின்னாலேயே ஓடி என்னோடும் நன்றாகச் சண்டை போடுகிறாள்.

இவ்வளவு பக்கத்தில் ஒரு டாக்டர் வந்துபோவது தெரியாமலே எங்கள் தெருவில் எத்தனை பெண்கள் விட்டத்தைப் பார்த்துக் கிடந்திருப்பார்கள் என்று நினைத்தால் பதறுகிறது. மானம் போனாலும் போகட்டும், மகள் போகக் கூடாது என்று ஒற்றைச் செருப்போடு ஓடிய என் உம்மாவை நினைத்தால், அல்லாஹ்வே, இன்றும் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.