நடு ஆற்றில் நின்ற ஓடம்

உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில், அந்நாளில் பி.ஏ. பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. தந்தி வந்தால் படித்துச் சொல்லக் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்து என்னை யாரும் தவறாக எடைபோடலாகாது.

சென்ற வாரம் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் நெடி. மாடு தின்னாமலிருக்கக் கலப்பதாம். எனக்கோ அது, பூச்சி அரிக்காமல் கட்டிய புத்தகங்களின் நெடி. என் அண்ணியின் அறை நெடி.

கல்லூரியை விட்டபின் சில ஆண்டுகள் நாவல் எதையும் நான் தொடவில்லை. நிலம், வாய்தா என்று காலம் போயிற்று. மீண்டும் படிக்க விரும்பி, என் தகுதிக்கு ஏற்பத் தடித்த ஆங்கில நாவல்களைச் சென்னையிலிருந்து தருவித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே உறக்கம் வந்துவிடும். மார்பின்மேல் புத்தகம் ஏறி இறங்குவதைப் பார்த்து அண்ணி சிரிப்பார்.

"இன்னா தம்பி, ரொம்ப ஒசத்தி புஸ்தகம் போலக் கீது, இப்பிடித் தூங்க வெக்குதே! எங்க கதைய மட்டும் தொட்டுடாதீங்க, தூக்கம் கெட்டுடும்."

அவருடைய கதைகள் வார இதழ்த் தொடர்கள். கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் காஞ்சிபுரத்துக்கு அனுப்பித் தைத்துக் கட்டிக்கொள்வார். மனத்துக்குள் படிக்க அவருக்கு வராது. உச்சிவேளையில் தம் அறையின் பின்சன்னலருகே அமர்ந்து வாய்விட்டுப் படிப்பார். வெளியே வேப்பமர நிழலில், நெல் தூற்றும் பெண்கள் கூழ் குடித்தபடி கேட்பார்கள். நான் கேட்டதில்லை. பக்கத்து அறையிலிருந்தவன் காதில் தானாக வந்து விழுந்ததற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை கண்டு அண்ணி இறந்தார். பத்திரிகை இனி வேண்டாமென்று அண்ணன் சொல்லியனுப்பினார். அறையைப் பூட்டவில்லை, ஆனாலும் யாரும் அதற்குள் போகவில்லை.

அடுத்த கோடையில் ஒரு பகல், நான் போனேன். மேசைமேல், இன்னும் தைக்காத தாள்கள் நூலால் சுற்றிக் கிடந்தன. காணாமற்போன கணவனைத் தேடிப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை. நின்றபடி தொடங்கினேன், எப்போது உட்கார்ந்தேன் என்பது நினைவில்லை. தாளோரங்களில் அண்ணியின் எண்ணெய்விரல் தடங்கள். அவர் புரட்டிய இடத்தில்தான் நானும் புரட்டினேன். கடைசித் தாளில், துடுப்பை இழந்த ஓடத்தில் அப்பெண் நடு ஆற்றில் நின்றாள். 'அடுத்த இதழில் முடியும்' என்றிருந்தது. அந்த இதழ் வருமுன் அண்ணி போய்விட்டிருந்தார்.

வெளியே வந்தபோது, நெல் தூற்றும் பெண்களில் மூத்தவளான கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"சின்னய்யா, அம்மா படிச்சிக்கினு இருந்த கதையில அந்தப் பொண்ணு இன்னும் நடு ஆத்துலயே கீதே. அத்த யாரு கரையேத்தறது?"

"எனக்கென்ன தெரியும்?" என்று நடந்துவிட்டேன்.

மறுவாரம், வழக்கு வேலை என்று வீட்டில் சொல்லிக் காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். புத்தகம் கட்டுபவர் பழைய தாள் குவியலைக் கிளறி, அந்த இதழை எடுத்து உதறினார்.

"பி.ஏ. படிச்சவரு பொம்பளைங்க கதைக்கா சார் பஸ் ஏறி வந்தீங்க?"

"வீட்டில் கேட்கிறார்கள்" என்றேன். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

மறுநாள் அண்ணன் ஊரில் இல்லை. உச்சிவேளையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். பின்சன்னலைத் திறந்து வைத்தேன், காற்றுக்காக. இலை அசையவில்லை. மனத்துக்குள் படிக்க முயன்றேன். அந்தக் கதை அதற்கு இணங்கவில்லை. வாய்விட்டுப் படித்தேன். அண்ணி நிறுத்தும் இடங்களில் என் குரலும் நின்றது. வெளியே முறங்களின் ஓசை அடங்கிவிட்டிருந்தது.

மாலையில் அந்தச் சன்னலடியில் பூவும் வெற்றிலையும் இருந்தன.

"அம்மாவே வந்து முடிச்சிட்டுப் போனாங்க, கொரலுதான் கட்டிக்கினு இருந்திச்சி. பொண்ணு கரை சேந்துடுச்சி. கடைசியில அம்மா அழுதாங்க பாரு, என் ஒடம்பே சிலிர்த்துக்கிச்சி" என்று கன்னியம்மா ஊரெல்லாம் சொன்னாள்.



இன்று அந்த அறையில் உர மூட்டைகள். வேப்பமரம் இல்லை, கன்னியம்மாவும் இல்லை. தொடர்கதையைக் கிழித்துத் தைப்பார் எவருமில்லை. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதும் இல்லை. கன்னியம்மா கிளப்பிய அந்தப் பேச்சு மட்டும், திருமண வீடுகளில் என் எதிரிலேயே, இன்னும் நடக்கிறது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

அண்ணி வந்து படித்ததாகச் சொல்வது பிழை. படித்தவன் நான். முடிவில் அண்ணி அழுதார் என்பதும் பிழை.