எனக்கென்று ஓர் எண்ணிக்கை இல்லை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது உலகத்திலேயே பெரிய குற்றம் எது என்று யாராவது கேட்டிருந்தால், திருட்டு என்றோ பொய் என்றோ சொல்லியிருக்க மாட்டேன். வாக்கிடாக்கியில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் பொத்தானை அமுக்குவது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பா கிரேன் ஓட்டினார். மைசூர் விஜயநகரில் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் குடும்பம் மொத்தமும் அங்கேதான் வேலை செய்தது. பின்புறத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தோம். கிரேன் கூண்டில் அப்பா, மேல்தளத்தில் மாமா, தரையில் சித்தப்பா. ஆளுக்கொரு வாக்கிடாக்கி, மூன்றுக்கும் ஒரே அலைவரிசை. கட்டடத்தின் பின்பக்கம் அப்பாவின் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பாரம் இறங்கும்போது சித்தப்பா பொத்தானை அமுக்கியபடி "இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரலை நம்பித்தான் அப்பா கையை நகர்த்துவார்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. மாமாவும் சித்தப்பாவும் ஒரே சமயத்தில் அமுக்கினால் இருவர் பேச்சும் அப்பாவுக்குக் கேட்காது. 'கர்ர்' என்று இரைச்சல்தான் வரும். பேசுகிறவர்களுக்கோ அது தெரியவே தெரியாது, அமுக்கியிருக்கும்வரை அவர்களுக்கு எதுவும் கேட்காது. அப்புறம் இருவரும் விடுவார்கள், மறுபடி ஒன்றாகவே அமுக்குவார்கள். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் வேறு எப்படி இருப்பார்கள்? கடைசியில் அப்பா ஒரு சட்டம் போட்டார். முதலில் காது கொடுக்க வேண்டும், யாரும் பேசவில்லை என்றால்தான் அமுக்க வேண்டும். மீறி மோதிக்கொண்டால் மாமா மூன்று வரை எண்ணிவிட்டுப் பேசலாம், சித்தப்பா ஆறு வரை.

"ரெண்டு பேரும் ஒரே கணக்கு எண்ணுனா மறுக்காவும் முட்டிக்குவீங்க" என்றார் அப்பா. தன் பங்குக்கு அவரும் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்: இரைச்சல் கேட்ட நொடியே கிரேன் நிற்கும். தனக்கு ஏன் ஆறு, அவனுக்கு மட்டும் ஏன் மூன்று என்று சித்தப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவதாக ஒரு வாக்கிடாக்கி கொட்டகையில் சார்ஜில் கிடக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் அதைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்க மணல் குவியலில் உட்கார்ந்து கேட்பேன். பொத்தானை மட்டும் தொட்டதில்லை. அவ்வளவு பயம்.

அன்று காலை பின்பக்கம் இரும்புத் தகடுகள் கட்டாக இறங்கிக்கொண்டிருந்தன. சித்தப்பா அண்ணாந்து பார்த்தபடி "இறக்கு, இறக்கு" என்றார். அவருக்கும் பாரம் இறங்கும் இடத்துக்கும் நடுவே பலகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அந்த அடுக்கின் மறைவில் அம்மா துவைத்த துணி மூட்டையோடு வந்தார். ஒரு துணி நழுவியது. தகடுகளுக்கு நேர் கீழே, அம்மா குனிந்து அதை எடுத்து மண்ணைத் தட்டத் தொடங்கினார்.

"அம்மா!" என்று கத்தினேன். கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கட்டைவிரல் தானாகவே பொத்தானை அமுக்கிவிட்டது. "அப்பா, நிறுத்து!"

கத்திய பிறகுதான் உறைத்தது. சித்தப்பா பேசிக்கொண்டிருக்கும்போது அமுக்கியிருக்கிறேன். விரலை எடுத்துவிட்டேன். மோதினால் எண்ண வேண்டும். எவ்வளவு? மூன்று மாமாவுடையது, ஆறு சித்தப்பாவுடையது. எனக்கென்று யாரும் எதுவும் கொடுத்து வைக்கவில்லை. அடுத்தது ஒன்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, அம்மாவைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. அம்மாவின் தலைக்கு மேல் இரும்பு இறங்குகிறது, மகள் சட்டப்படி எண்ணுகிறாள்.

ஐந்தில் சித்தப்பாவின் அலறல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். தகடுகள் அந்தரத்தில் அசையாமல் நின்றன. பாரம் ஏன் நின்றது என்று எரிச்சலோடு பலகைகளைச் சுற்றி வந்த சித்தப்பா, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் வாக்கிடாக்கியைச் சார்ஜில் செருகிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா கூண்டிலிருந்து இறங்கி வந்தார். "கர்ருன்னுச்சு, நிறுத்திட்டேன். யாரு அமுக்குனது?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாதேஸ்வரன் மேல ஆணையா நான் அமுக்கலீங்க மச்சான்!"

மலைக்கோயில் சாமியான மாதேஸ்வரன் மேல் சத்தியம் செய்து எங்கள் ஊரில் யாரும் பொய் சொல்வதில்லை. பிறகு அம்மா, மண் ஒட்டிய துணியைக் கையில் பிடித்தபடியே, மெதுவாகச் சொன்னார்: "அப்ப மலைமேல இருக்கறவன்தான் சத்தம் போட்டிருக்கறான்."

இன்ஜினியரும் "தேவரே காபாடித", கடவுளே காப்பாற்றினார் என்று கன்னடத்தில் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடவுள் செய்த காரியத்துக்கு அறிக்கை எழுத வேண்டியதில்லை அல்லவா?

அம்மா அங்கேயே வேண்டிக்கொண்டார், மகளுக்கு முடி எடுப்பதாக. அடுத்த திங்கட்கிழமை கொள்ளேகாலில் பஸ் மாறி மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். காட்டுக்குள் ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பயம் கூடியது. மாமா செய்யவில்லை என்பது சாமிக்குத் தெரியும். அப்படியானால் யார் செய்தது என்பதும் தெரியும். சட்டத்தை மீறியவளை அவ்வளவு தூரம் வரவழைப்பது எதற்கு? எல்லோருக்கும் எதிரில் காட்டிக்கொடுக்கத்தான்.

நாவிதர் தலையை நனைத்ததும் தேம்பித் தேம்பி அழுதேன். பொத்தானை அமுக்கிய கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். முடி போகிறதே என்று அழுவதாக நினைத்து மாமா கடலை மிட்டாய் வாங்கிவந்து நீட்டினார். எடுத்துக்கொள்ளக் கையை விரிக்க வேண்டுமே என்று நான் வாங்கவில்லை.

அம்மா பக்கத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "சத்தம் போட்டு என்னைக் காப்பாத்துனியே சாமி" என்றார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அம்மா நன்றி சொல்லிக்கொண்டிருந்தது நான் ஒளித்து வைத்திருந்த விரலுக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தண்டனை மொட்டையோடு முடிந்துவிட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு, தலையைக் குனிந்து காட்டினேன்.