பைல் நாட்டுக்குப் போன காகிதப் பூ

பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினால் வழுக்கியது. கழற்றிக் கயிற்றில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால் கல் குத்தியது. பைல் நாட்டிலிருந்து அடிவாரம் வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே வந்தேன். இதே கொல்லிமலைப் பாதையில் தலையில் பலாப்பழத்தோடு வெறுங்காலில் ஓடி இறங்கியவன் நான். ஒன்பது வருஷம் கண்டிச் சீமையில் பூட்ஸ் போட்டு மோட்டார் கராஜில் நின்றதில் உள்ளங்கால் மெத்தென்று ஆகிவிட்டது. பாதி வழியில் மிளகு மூட்டையோடு என்னைத் தாண்டிய ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, கீழ்நாட்டுக்காரருங்களா? குதிகால ஊனி வையுங்க, இல்லீன்னா உருண்டுருவீங்க" என்றார். "ஆமாங்க" என்றேன். நானும் இதே மலையில் வாழவந்தி நாட்டுக்காரன்தான் என்று சொல்லியிருந்தால், யார் வீடு, யார் மகன், எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டிருப்பார். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்துதான் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் அவள் புருஷன் செத்துப்போனதைச் சொல்வதற்காகக் கடல் தாண்டி வந்து, சொல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது இது. கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருக்கிற நீங்கள் படித்தால், ஊருக்குத் திரும்புவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். மலையில் எழுத்துத் தெரிந்தவர் யாராவது படித்தால் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிடலாம். சொல்லிவிட வேண்டும் என்றும் இருக்கிறது, சொல்லிவிடுவார்களே என்று பயமாகவும் இருக்கிறது.

செத்தவன் பெயர் சடையன், பைல் நாட்டுக்காரன். எனக்கு மச்சான் முறை. இரண்டு பேருமாக நாமக்கல்லுக்குப் பலாப்பழம் கொண்டுபோன நாளில், ஜெர்மன் சண்டைக்குக் கூலிப்பட்டாளம் எடுக்கிறார்கள் என்று கேட்டு, வரிசையில் போய் நின்றோம். மூன்று வேளை சோறு, கப்பல் பயணம் என்றார்கள். போனோம், அவ்வளவுதான். பஸ்ரா என்ற அரபுத் துறைமுகத்தில் கப்பலில் இருந்து தண்டவாளம் இறக்கும் வேலை. வெயிலில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாவது கோடையில் சடையனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மூன்று நாள் கிடந்தான். "ஊட்டுல நீயே போய்ச் சொல்லு மச்சான். காயிதம் போட்டா அவளுக்குப் படிக்கத் தெரியாது" என்றான். சரி என்றேன். கூடாரத்துக்குப் பின்னால் மணலில் நானும் இன்னும் மூன்று பேரும் புதைத்தோம்.

சண்டை முடிந்து பம்பாயில் இறக்கிவிட்டார்கள். நேராக மலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓட்டலில் மாவாட்டினேன், ரயிலில் கரி அள்ளினேன், ராமேஸ்வரம் வந்து அக்கரைக்கு, கண்டிச் சீமைக்குப் போய்விட்டேன். வருஷா வருஷம் அடுத்த வருஷம் போகலாம் என்று நினைத்தேன். அங்கே மலைநாட்டில் ஒரு டவுனில், துரைமாரின் மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் கராஜில் நிலைத்தேன். அங்கே தேயிலையைத் தவிர வேறு பச்சை கிடையாது. தலை சீவிய பையன் மாதிரி ஒவ்வொரு குன்றும் ஒழுங்காக இருக்கும். மழை மட்டும் நம் மலை மழை மாதிரியே இருக்கும்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள், சண்டையில் செத்தவர்களுக்காகத் துரைமார் எல்லாரும் மோட்டார் சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். கிளப் வாசலில் தொடங்கி, நான்கு மைல் தள்ளி வளைவில் நட்டிருக்கும் கல் வரைக்கும். நெஞ்சில் ஆளுக்கொரு சிவப்புக் காகிதப் பூ. நம் ஊரில் இழவுக்குப் போகிறவன் பூ வைத்துக்கொண்டு போனால் அடித்து விரட்டுவார்கள். வழியில் வண்டி நின்றுபோனால் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று போன வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். "சைட்காரில் ஏறு" என்றார் ஒரு துரை. சைட்கார் என்பது மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தொட்டி, ஓர் ஆள் உட்காரலாம். முன்னால் நின்ற வண்டியின் தொட்டி காலியாக இருந்தது. உள்ளே பட்டாளத் தொப்பி ஒன்று மட்டும். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பேனர் பையோடு ஏறி உட்கார்ந்தேன்.

ஒரே கூச்சல். ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வயதில் சின்னவரான ஒரு துரை மட்டும் கத்தவில்லை. தோட்டத்தில் பழகிய தமிழில், "நீ என்ன செய்றது? அது செத்த ஆள் இடம்" என்றார். அவர் அண்ணன் சண்டையில் போனவர் என்றும், தொப்பி அண்ணனுடையது என்றும் பிறகு தெரிந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, "எங்க ஆளும் செத்திருக்காருங்க துரை" என்றேன்.

"எங்கே?"

"பஸ்ராவுல."

அவர் பையில் இருந்து பெயர்ப் பட்டியலையும் பென்சிலையும் எடுத்தார். "பேர்?"

"சடையனுங்க."

"எந்த நாடு?"

"பைல் நாடுங்க."

எழுதிக்கொண்டார். கூட்டத்தில் அந்தப் பக்கம் இருந்த வேறொரு சைட்காரில் என்னை ஏற்றிவிட்டார். தன் நெஞ்சில் இருந்த பூவைக் கழற்றி என் சட்டையில் குத்தினார்.

பதினோரு வண்டிகள். ஆள் நடக்கிற வேகம்தான். பகலில் விளக்கை எரியவிட்டு, ஹாரன் அடிக்காமல், பனிக்குள் போனோம். அவ்வளவு மெதுவாக ஓட்டினால் என்ஜின் சூடேறிவிடும். எந்த வண்டி இருமுகிறது என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். மேட்டில் கொழுந்து பறித்தவர்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏண்ணே, எந்தத் துரைக்குக் கல்யாணம்?" என்று ஒருத்தி சத்தம் போட்டுக் கேட்டாள். "கல்யாணம் இல்ல, திவசம்" என்றேன். "திவசத்துக்கா இம்புட்டு டமடமா? செத்தவனே எந்திரிச்சு வந்துருவான் போ!" என்றாள். அவர்கள் சிரித்தது அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. முன்னால் போன வண்டியில் அந்தத் தொப்பி ஆடிக்கொண்டே போவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கல்லின் முன்னால் என்ஜின்களை நிறுத்தித் தொப்பிகளைக் கழற்றினார்கள். சின்னத்துரை பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு தேசம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா. கடைசியில், "சடாயன், பெய்ல்நாடு" என்றார். துரைமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பும்போது ஒரு பெரிய துரை என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டார். பெய்ல்நாடு எங்கே இருக்கிறது, சண்டையில் நம் பக்கமா என்று. நம் பக்கம்தான் துரை என்றேன். ராஜா உண்டா என்றார். ராஜா இல்லை, ஊர்க்கவுண்டர் உண்டு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

நம் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. அந்தச் சொல்லை அவர்கள் தேசம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. தப்பு என்னுடையது, அதற்கும் முன்னால் நடந்தது. நாமக்கல்லில் பட்டாளத்துக்குப் பெயர் எழுதியபோது, குமாஸ்தா ஊர்ப் பெயர் கேட்டார். சடையன், "பைல் நாடுங்க" என்று வாயைத் திறந்தான். பின்னால் நின்றவர்கள், "மலையான் டோய்" என்று சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. படித்தவன் நான்தானே. "ரெண்டு பேருக்கும் நாமக்கல்தானுங்க" என்றேன். சடையன் செத்த சேதியைச் சர்க்கார் காகிதத்தில் அனுப்பித்தான் இருப்பார்கள். அது நாமக்கல்லில் எந்த வீட்டுக்கென்று போயிருக்கும்? நான் வெட்கப்பட்டு மறைத்த நாட்டை, பதினோரு துரைமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்கள். அன்றைக்குத்தான் ஊருக்குப் போவதென்று முடிவு செய்தேன். காகிதப் பூவை நசுங்காமல் ஒரு சிகரெட் டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

சேந்தமங்கலம் சத்திரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்பினேன். ஏறினேன், பகல் சரியும் நேரத்தில் பைல் நாடு போய்ச் சேர்ந்தேன், ஒரு கோயில் சாவடியில் படுத்தேன். மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் நின்றேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்: சடையன் இல்லை, தங்கச்சி.

அவள் பெயர் நல்லம்மா. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கூட உட்கார்ந்திருந்தாள். நல்லம்மா என்னைப் பார்த்து எழுந்தாள். "அண்ணா! வாழவந்தி நாட்டு வெள்ளையண்ணன்தானுங்களே? எங்கூட்டுக்காரரோட போனவரு?"

நான் தலையசைத்து உள்ளே போனேன். சின்னத்துரை செய்தது ஞாபகம் வந்தது. முதலில் பூவைக் கொடுப்போம், பிறகு பேச்சு வந்துவிடும் என்று நினைத்து, டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

எங்கள் மலையில் சாவுச் சேதி கொண்டுபோகிறவனுக்கு ஒரு முறை இருக்கிறது. கையில் எதுவும் கொண்டுபோகக் கூடாது. தலையில் இருக்கும் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அப்படி ஓர் ஆள் நின்றாலே போதும், வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். வாய் திறந்து சொல்ல வேண்டிய கஷ்டமே இல்லாமல் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு. நான் தலையில் தொப்பியோடு, வாசலைத் தாண்டி உள்ளே போய், கையில் பூ வைத்துக்கொண்டு நின்றேன். நல்லம்மா முறைப்படித்தான் புரிந்துகொண்டாள்.

"பூக் குடுத்து உட்டாருங்களா?" என்றாள். "இருக்காருன்னு எனக்குத் தெரியுங்க அண்ணா. இந்தச் சனங்கதான் நம்பல." அப்படியே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வாடவே இல்லீங்களே! அந்தச் சீமையில பூவெல்லாம் இப்படித்தானுங்களா?"

"காயிதப் பூடி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஆள எப்ப அனுப்புவாராம்? அதையும் காயிதத்துல செஞ்சுதான் அனுப்புவாராமா?"

"நீ போக்கா, உனக்கு வயித்தெரிச்சல்" என்று நல்லம்மா சிரித்தாள். எனக்குக் களி போட்டு, அவரைக்காய்க் குழம்பு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள். "மேலக்காட்டுச் சின்னான்னு ஒருத்தருங்க. பொண்டாட்டி செத்தவரு. என்னயக் கட்டிக்கிறேன்னு ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நல்ல மனுசன், பொய் சொல்லக் கூடாது. இந்த வெள்ளாம அறுப்போட ஒரு முடிவு சொல்லிருன்னு ஊர்க்கவுண்டரும் சொல்லிட்டாரு. நானும் சரின்னு சொல்லலாம்னுதான் இருந்தனுங்க அண்ணா. நல்லவேளை, நீங்க வந்தீங்க. இன்னைக்கே சின்னானக் கூப்பிட்டு இல்லீன்னு சொல்லிப்போடறேன்."

சாவுச் சேதி கொண்டுபோனவன் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நான் ஒரு உருண்டைக் களியை முழுசாகத் தின்று கை கழுவினேன். ஒவ்வொரு வாய்க்கும் இந்த வாய் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். "அடுத்த தடவ வர்றப்ப அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று வாசல் வரைக்கும் வந்தாள். தலையில் சிவப்பாக அந்தப் பூ. வாரேன் என்று சொல்லிவிட்டுப் பாதையைப் பிடித்தேன். வாழவந்தி நாட்டில் என் அண்ணன் இருக்கிறான், அங்கேயும் போகவில்லை.

அன்று அடிவாரத்தில், மோட்டார் பஸ் நிற்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் பஸ் கிளம்பாமல் இருமியது. டிரைவரே முதலாளி. சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தார். "மூணாவது பிளக் எரியலீங்க" என்றேன். கழற்றித் துடைத்துப் போட்டேன், வண்டி பிடித்துக்கொண்டது. "கண்டக்டர் வேலை வேணுமாய்யா?" என்றார். ஆமாம் என்றேன். "மலையா, கீழயா நீ?" என்றார். "கண்டிங்க" என்றேன். "அது எந்தத் திக்குல இருந்தா எனக்கென்ன. ரெண்டே வார்த்தைதான் இந்த வேலைக்கு. நிறுத்தணும்னா ஓல்டான். போகணும்னா ரைட். மத்தது எதுவும் பேசாத."

ஜனங்கள் ஏறினார்கள். கடைசியாக, கையில் துணி மூட்டையோடு ஒருவர் மலைப்பாதையில் இருந்து வேகமாக இறங்கி வந்தார். இருட்டிலேயே கிளம்பியிருக்க வேண்டும், முழங்கால் வரைக்கும் பனியில் நனைந்திருந்தது. "ஏனுங்க, கண்டிக்குப் போறதுக்கு எந்த ஊர்ல ரயில் ஏறோணுங்க?" என்று என்னைக் கேட்டார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "எதுக்கய்யா கண்டி? மலையில மிளகு காய்க்கலியா?"

"மிளகெல்லாம் காய்க்குதுங்க. கேட்ட பொண்ணு நேத்து இல்லீன்னுட்டா. ஊட்டுக்காரன் உசுரோட இருக்கானாம். பூக் குடுத்து உட்டிருக்கான். நானே கண்ணால பாத்தனுங்க, தலையில வெச்சிருந்தா." ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். ஆனா தெனம் அந்த வாசலத் தாண்டித்தானுங்க நான் காட்டுக்குப் போவோணும்."

அவர் பெயரை நான் கேட்கவில்லை. என் ஒரு கால் பஸ் படியில் இருந்தது, ஒரு கால் மலைப்பாதை வந்து முடிகிற மண்ணில் இருந்தது. அவர் முகம் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"என்னய்யா, ஓல்டானா, ரைட்டா?" என்றார் டிரைவர்.

"ரைட்" என்றேன்.