வெட்டுவது தெரியாத மெஷின்

என் தங்கையைத் தெருவில் கத்தரியக்கா என்பார்கள். பிள்ளைகள் அதையும் சுருக்கிக் கத்தரிக்காய் ஆக்கிவிட்டார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது அவள் தொழில். இறந்தவர்களின் உடுப்பைக் கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. அவர்கள் அழுதுகொண்டு நிற்க, இவள் சட்டையை விரித்து, கோடுகூடப் போடாமல், சதுரம் சதுரமாக வெட்டிப்போடுவாள். நான் அளவுகோல் வைத்துப் பார்த்திருக்கிறேன். நூலளவு பிசகாது. அந்தக் கை எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

மழைக்காலத்தில் அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். மருமகன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் இருக்கும் ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார். அதற்குள் மகளின் உடைகளில் பேத்திக்கு ஒரு போர்வை தைத்துவிட வேண்டும் என்று இவளுக்கு. ஆனால் மகளின் பூப்போட்ட சட்டையை மேசையில் விரித்தால் கத்தரி இறங்கவில்லை. மடித்து வைப்பாள், மறுபடி விரிப்பாள்.

"துணி வெட்டுற மெஷின் வாங்கலாம்க்கா," என்றாள் ஒரு நாள்.

இருவரும் கடைக்குப் போனோம். நான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். எத்தனை மடிப்புத் தாங்கும், உருளை எவ்வளவு அகலம், கத்தி எப்போது மழுங்கும், எல்லாம் கேட்டேன். கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார்.

"இதப் பாருங்க, மேல கண்ணாடி மாதிரிப் பலகை. வெட்டுறது பளிச்சுனு தெரியும்."

"தெரியாதது இருக்கா?" என்றாள் தங்கை.

"என்னம்மா, காசு குடுத்துக் கண்ண மூடிக்கவா?"

"இருக்கா, இல்லையா?"

அவர் சிரிப்பு நின்றது. மூலையிலிருந்து கையால் சுற்றுகிற ஒன்றை எடுத்து வைத்தார். சதுரம் சதுரமாகக் கத்திகள் பதித்த அச்சுத் தட்டின் மேல் துணி, துணிமேல் கெட்டியான கறுப்புப் பலகை. கைப்பிடியைச் சுற்றினால் மூன்றும் உருளைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வரும். நான் அதைவிட அகலமானதைக் காட்டினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

வீட்டில் நானே பொத்தான்களை எடுத்து, தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு, துணி இழுபடாதபடி இழை பார்த்து வைத்தேன். அவள் சுற்றத் தொடங்கினாள். கொஞ்சத்திலேயே கை நின்றது.

"அக்கா, கேக்குது."

"மெஷின் சத்தம்டி."

"துணி சத்தம். எனக்கா தெரியாது?"

பாதித் துணி உருளைக்குள், பாதி வெளியே. பின்னால் சுற்றினாலும் அறுந்தது அறுந்ததுதான்.

"நீ சுத்து," என்று எழுந்து பின்வாசல் பக்கம் போனாள். குழாயை முழுக்கத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நான் சுற்றினேன். எல்லா உடைகளும் தீரும்வரை சுற்றினேன். தண்ணீர் விழும் சத்தம் ஓயவே இல்லை.

போய்ப் பார்த்தேன். வாளி நிரம்பித் தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

குழாயை மூடினாள். துணியில் ஈரம் படக் கூடாதென்று இரண்டு கைகளையும் விரல் விரலாகத் துடைத்தாள். உள்ளே வந்து, முதல் இரண்டு சதுரங்களை எடுத்து, பூவுக்குப் பூ சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஊசி கேட்டாள்.