மோட்டார் போட்ட காலை

மகளின் காதுக்குள் மின்சாரம் போகிறது என்று நினைத்தால் இன்றும் எனக்கு எல்லாம் உறக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு கருவி. அதிலிருந்து நீளும் வட்டமான கம்பிச்சுருள், 'காயில்' என்பார்கள், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே, ஆபரேஷனில் வைத்த மெல்லிய கம்பி செவி நரம்பைத் தொட்டு எழுப்பும்.

சென்னையில் அதை முதன்முதலாக ஆன் செய்தபோது அவள் அழவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவோம்மா. சத்தம்னு ஒண்ணு இருக்குன்னு அவளுக்கு முதல்ல புரியணும்" என்றார் கருவியைச் சரிபார்க்கும் ஆடியாலஜிஸ்ட்.

ஊருக்குத் திரும்பி நாள் முழுக்க அவளைக் கூப்பிட்டேன், கேட்கிறதா என்றே தெரியவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். அவசரப்பட்டுவிட்டேனோ?

"ரேடியோ மாதிரியே கீதே, எந்த ஸ்டேஷன்டி எடுக்குது?" என்றாள் கருவியைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா. நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் வீட்டில் மகளைக் கூப்பிடுவது காலால்தான். தரையில் ஓங்கி மிதித்தால் அதிர்வில் திரும்புவாள். கருவி வந்தபின்னும் வாய் கூப்பிடும்போதே கால் மிதித்துவிடும். அவள் திரும்பியது குரலுக்கா, காலுக்கா?

பனி விலகாத ஒரு காலையில் கழனிக்குப் போனோம். உத்திரமேரூர் ரோடு எங்கோ வெள்ளைக்குள் கரைந்திருந்தது.

"கரண்ட்டு வந்துச்சி, மோட்டார் போட்டுகினு வரேன்" என்று கணவர் ஷெட்டுக்குள் போனார்.

மோட்டார் உறுமியது. வரப்பில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள்.

"பாத்தியாமே! கேக்குதுமே!" என்று கணவர் ஷெட் வாசலுக்கு ஓடி வந்தார்.

"தரை அதிருதுங்க. அதனாலயா இருக்கும்."

"நீ ஒருத்தி! அவளத் தூக்கிக்கோ, நிறுத்திட்டு மறுபடி போடறேன்."

தூக்கிக்கொண்டு தள்ளி நின்றேன். சத்தம் நின்றது. மறுபடி எழுந்தபோது என் தோளில் கிடந்த தலை மெல்லத் திரும்பியது. என் உடம்பு வழியாக அதிர்வு போயிருக்குமோ என்று அப்போதும் ஒரு நினைப்பு. அவள் தலையிலிருந்து காயிலைக் கழற்றிப் பார்த்தேன்.

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மகள் ஷெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. என் விரல்களைப் பிரித்துக் காயிலைப் பிடுங்கினாள். வைக்கும் இடம் தெரியாமல் கன்னத்தில் வைத்தாள், நெற்றியில் வைத்தாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் காந்தம் இருக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். ஒட்டிக்கொண்டது. அவள் முகம் மெதுவாக விரிந்தது.

"இன்னா ஆச்சி? நிறுத்தட்டா?" என்று ஷெட்டிலிருந்து கணவர் கத்தினார்.

"நிறுத்தாதீங்க" என்றேன். "ஓடட்டும்."