புளி தேய்த்த ஆறு எழுத்து

யார் வீட்டில் காபி கொடுத்தாலும், குடித்த கையோடு கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிடுவார் மைக்கேல்ராஜ். மிச்சக் காபி மடியில் சொட்டினாலும் கவலையில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். பீங்கான் என்றால் மட்டும் மனுஷருக்கு உயிர். அடி வளையத்தில் மெருகு படாத மண்ணை விரலால் தடவியே சீனாவா ஜப்பானா என்று சொல்லிவிடுவார். வயதைச் சொல்லத்தான், எந்த ராஜா காலத்துச் சாமான் என்று அடியில் போட்டிருக்கும் எழுத்து வேண்டும். “கழுவாம எடுத்துக்கினு வாங்க. அழுக்குகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறார்.

திருநாவலூர் விவசாயி சுப்புராயன் ஒருநாள் காலையில் மைக்கேல்ராஜ் வீட்டுக்கே வந்து ஒரு தட்டைக் கொடுத்தார். ரங்கூனில் வேலை பார்த்த தாத்தா, யுத்தத்தின்போது நடந்தே ஊர் திரும்பியவர், வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்ததாம். பங்காளிகள் நம்பவில்லை. பல வருஷம் கழித்துச் சந்தையில் வாங்கிய புதுத் தட்டுக்குக் கிழவர் கதை கட்டிவிட்டார் என்று சிரிக்கிறார்கள்.

“எங்க தாத்தா பொய் சொன்னாரா இல்லியா, அது தெரிஞ்சா போதுங்க.”

அடியில் சிவப்பு மையில் பொடிப்பொடியாக ஆறு சீன எழுத்து. மைக்கேல்ராஜ், சாயங்காலம் லென்ஸ் வைத்துப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு போட்டோகூட எடுக்காமல் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது தட்டு பளபளத்தது. மேலே முறுக்கு. மைக்கேல்ராஜ் முறுக்கைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தார். அடி வெறும் வெள்ளையாக இருந்தது.

“இன்னா பண்ண மேரி?”

மனைவி ஆனந்தமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அடுத்தவங்க வூட்டுத் தட்ட அழுக்கோட, வெறுந்தட்டாவா குடுத்தனுப்புவாங்க? புளி வச்சித் தேய்ச்சேன். அடியில ஒரே செவப்புக் கறை. தேய்ச்சிக்கினே இருந்தேன், கையே வுட்டுப்போச்சு.”

ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷர், வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சுப்புராயனிடம் மறைக்காமல் சொன்னார். தட்டு சீனாவில் செய்ததுதான், ஆனால் வயது இனி யாருக்கும் தெரியாது, தப்பு தன்னுடையது என்றார். மைக்கேல்ராஜ் தட்டை வெயிலுக்குச் சாய்த்து, அடியில் வாய் வைத்து ஊதினார். படிந்த ஆவியில் இரண்டு எழுத்தின் தடம் மங்கலாகத் தெரிந்தது. படிப்பதற்குள் ஆவி காய்ந்துவிட்டது.

சுப்புராயன் தட்டை அவர் கையிலிருந்து வாங்கி, முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தானே ஊத ஆரம்பித்தார்.